மாநாட்டு இன்வாய்ஸ் யார் பெயரில்?

டர்பனில் ஐ.சி.சி., கேப் டவுனில் சி.டி.ஐ.சி.சி., ஜோஹன்னஸ்பர்க்கில் சாண்டன், மிட்ராண்டில் கலாகர் என்று தென்னாப்பிரிக்காவில் மாநாட்டு அரங்குகளுக்குக் குறைவில்லை. டாக்டர், பார்மசிஸ்ட், கணக்காளர், இன்ஜினீயர், காப்பீட்டு ஏஜெண்ட் என்று நம்மவர்களில் மாநாட்டுக்குப் போகிறவர்களும் நிறைய. திரும்பி வந்த பிறகுதான் பலருக்கும் அந்தக் கேள்வி எழும்: "இதை டாக்ஸில் கழிக்கலாமா?" அப்போது கேட்டுப் பெரிய பயன் இல்லை. பணம் கட்டும்போது இன்வாய்ஸ் யார் பெயரில் வந்தது என்பதிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடும்.

முதலில் சம்பளக்காரர்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர் தன் கைக்காசைப் போட்டு மாநாட்டுக்குப் போனால் வரியில் ஒரு சென்ட்கூடக் குறையாது. வேலைக்கு எவ்வளவு அவசியமான மாநாடாக இருந்தாலும் சரி, 1962-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 23(எம்) பிரிவு வழியாக, சம்பள வருமானத்துக்கு எதிராக இத்தகைய செலவுகளைக் கழிக்க விடாது. சம்பளத்தில் பாதிக்கு மேல் கமிஷனாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. காப்பீடு, வீடு மனை விற்பனையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேல் என்பது முதலாளி தரும் வரிச் சான்றிதழான ஐ.ஆர்.பி.5 படிவத்தில் தெரிய வேண்டும், வாய்ச்சொல் எடுபடாது.

ஆகவே சம்பளக்காரருக்கு ஒரே வழி, முதலாளியைக் கட்ட வைப்பது. வேலைக்குத் தேவையான பயிற்சிக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் கட்டினால் அது உங்கள் கையில் வரி விதிக்கப்படும் சலுகையாகக் கணக்கில் வராது. நீங்கள் முன்பணம் போட்டு, ரசீது கொடுத்து, நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்றாலும் அப்படித்தான். சம்பள உயர்வு பேசும்போது "வருடம் ஒரு மாநாடு உங்கள் செலவில்" என்று கேட்டு வாங்குவது, அதே தொகையைச் சம்பளமாக வாங்கி வரி கட்டிய மிச்சத்தில் போய்வருவதைவிட லாபம். 36 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 12,800 ராண்ட் கட்டணத்தைத் தானே கட்ட வேண்டுமானால் 20,000 ராண்ட் சம்பாதிக்க வேண்டும்.

வெளியூரில் ஓர் இரவாவது தங்கினால் முதலாளி தினப்படியும் தரலாம். 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரையிலான வரி ஆண்டில், உள்நாட்டுப் பயணத்தில் சாப்பாடும் சில்லறைச் செலவும் சேர்த்து ஒரு நாளைக்கு 570 ராண்ட், சில்லறைச் செலவு மட்டும் என்றால் 176 ராண்ட். இந்த அளவுக்குள் ரசீது காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் தொகை மாறும், வரித்துறையான சார்ஸின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முதலாளியே கட்டிவிட்டு 570-ஐயும் கொடுத்தால் கணக்கு உதைக்கும். சொந்தக் காரில் போகிறவருக்கு அதே ஆண்டில் கிலோமீட்டருக்கு 4.76 ராண்ட் வரை வரியில்லாமல் திருப்பித் தரலாம். டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலை வழியாக ஜோஹன்னஸ்பர்க் போய்வர ஏறக்குறைய 1,140 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 5,426 ராண்ட்.

இங்கேதான் தனித்தொழில் செய்கிறவர்கள் சறுக்குகிறார்கள். 570 ராண்டும் 4.76 ராண்டும், ஒருவரிடமிருந்து படி வாங்குகிறவருக்கான கணக்கு. சொந்தப் பெயரில் டிஸ்பென்சரியோ கணக்கு அலுவலகமோ நடத்துகிறவர் தனக்குத்தானே படி கொடுத்துக்கொள்ள முடியாது. அவர் உண்மையில் செலவழித்ததை ரசீதோடு காட்ட வேண்டும். காருக்கு லாக்புக் எழுதி, மொத்தச் செலவில் தொழிலுக்கு ஓடிய பங்கை எடுக்க வேண்டும்.

கம்பெனி வைத்திருக்கும் டைரக்டருக்கு வேறொரு பள்ளம். அவசரத்தில் சொந்தக் கார்டில் பதிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். கம்பெனி செலவழிக்கவில்லை, ஆகவே கம்பெனிக்குக் கழிவு இல்லை. அவர் கம்பெனியின் சம்பளக்காரர், ஆகவே அவருக்கும் கழிவு இல்லை. ரசீதை இணைத்துக் கம்பெனியிடம் முறையாகக் கோரிப் பணத்தைத் திரும்பப் பெற்றால் இந்தச் சிக்கல் தீரும்.

மைக்ரோ பிசினஸுக்கான டர்ன்ஓவர் டாக்ஸில் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவின் வரிப் பகுதியே தேவையில்லை. விற்றுமுதலின் மேல் வரி போடுவதால் எந்தச் செலவுக்கும் கழிவு கிடையாது.

கழிக்க முடிந்தவர்களுக்கு அடிப்படை, 11(ஏ) பிரிவு. செலவு உண்மையில் ஏற்பட்டிருக்க வேண்டும், வருமானம் ஈட்டுவதற்காக இருக்க வேண்டும், மூலதனச் செலவாக இருக்கக் கூடாது. செலவுக்கும் வருமானம் தரும் வேலைக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும் என்று 1936-இல் போர்ட் எலிசபெத் டிராம்வே வழக்கில் சொன்னதைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். சாட்ஸ்வர்த்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் மருந்தியல் மாநாட்டுக்குப் போனால் தொடர்பு தானே தெரியும். அவரே கிரிப்டோ மாநாட்டுக்குப் போய்விட்டு "எதிர்காலத்தில் பயன்படும்" என்றால் தெரியாது. இருக்கிற தொழிலில் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள ஆகும் செலவு கழியும்; புதிய தகுதியோ பட்டமோ பெற ஆகும் செலவு மூலதனச் செலவாகிவிடும். மாநாட்டோடு சேர்த்து ஒரு டிப்ளோமா படிப்பையும் தொகுப்பாக விற்கும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி விலை போட்டு இன்வாய்ஸ் கேளுங்கள். தொழில் தொடங்கும் முன்பே போன மாநாட்டுக்கும் வழி உண்டு. 11ஏ பிரிவின்படி, தொழில் தொடங்கிய பிறகு அதே தொழிலின் வருமானத்துக்கு எதிராக மட்டும் அதைக் கழிக்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். டர்பன் கம்பெனி ஒன்று, வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு உள்ளது, ஜோஹன்னஸ்பர்க் மாநாட்டுக்கு ஒருவரை மூன்று இரவு அனுப்புகிறது. உதாரணத்துக்காக நான் வைத்த விலைகள் இவை. பதிவுக் கட்டணம் 9,775, விமானம் 3,450, ஹோட்டல் 5,175, சாப்பாடு 1,380, டாக்ஸி 900. மொத்தம் 20,680 ராண்ட். முதல் நான்கிலும் 15 சதவீத வாட் உள்ளே இருக்கிறது, கூட்டினால் 2,580. அது இன்புட் டாக்ஸாக, அதாவது வாங்கியதில் கட்டிய வாட்டாக, திரும்பும். மீதி 18,100 ராண்ட் செலவாகக் கழிந்து, 27 சதவீதக் கம்பெனி வரியில் 4,887 குறையும். ஆக உண்மையான செலவு 13,213 ராண்ட். அதே கம்பெனிக்கு வாட் பதிவு இல்லாவிட்டால் 20,680 முழுவதும் செலவாகி 5,584 குறையும், கையிலிருந்து போவது 15,096. சிறு தொழில் நிறுவனமாகத் தகுதி பெற்று 7 சதவீத அடுக்கில் இருந்தால் வருமான வரியில் குறைவது வெறும் 1,267. தனித்தொழிலில் 39 சதவீத அடுக்கில் இருக்கும், வாட் பதிவுள்ள டாக்டருக்கு 7,059. சம்பளக்காரர் கைக்காசில் போனால் 20,680-உம் அவர் தலையில்.

"டாக்ஸில் வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு மாநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இந்த 13,213-ஐ ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அது எங்கிருந்தும் திரும்பி வராது. தொழிலில் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும்.

வாட் பக்கத்தில்தான் அதிகத் தப்பு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமைப்பாளர்கள் முதலில் அனுப்புவது புரோஃபார்மா, அதாவது பணம் கட்டுவதற்கான முன்மாதிரி பில். அதை வைத்து வாட் கோர முடியாது. பணம் கட்டியபின் டாக்ஸ் இன்வாய்ஸைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பலர் அனுப்புவதே இல்லை. தொகை 5,000 ராண்டுக்கு மேல் போனால் முழு இன்வாய்ஸ் வேண்டும். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, வாட் எண், அவர்களுடைய பெயர், முகவரி, வாட் எண், வரிசை எண், தேதி, விவரம், வரித் தொகை எல்லாம் இருக்க வேண்டும். 50 முதல் 5,000 ராண்ட் வரை சுருக்க இன்வாய்ஸ் போதும், உங்கள் விவரங்கள் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கார்டு மெஷினிலிருந்து வரும் சீட்டு எந்தத் தொகைக்கும் இன்வாய்ஸ் ஆகாது. ஆன்லைன் பதிவுப் படிவத்தில் "பெயர்" என்ற கட்டத்தில் போகிறவரின் பெயரை மட்டும் போட்டுவிட்டு, கம்பெனி, வாட் எண் கட்டங்களைக் காலியாக விடுவதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஹோட்டல் அறையைப் புக்கிங் தளம் வழியாக எடுத்தால் அங்கிருந்து வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை நம்பாதீர்கள். அறையைக் காலி செய்யும்போது கம்பெனி பெயரில் டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

எதில் வாட் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல், டீசலுக்கு பூஜ்ய விகிதம். ஊபர், டாக்ஸி, கௌட்ரெய்ன் ரயில் போன்ற பயணிகள் போக்குவரத்துக்கு வரிவிலக்கு. வாடகைக் காரில் வாட் இருக்கிறது, ஆனால் சட்டம் அதைத் திரும்பக் கோர விடாது. டோல் கட்டணத்தில் வாட் உண்டு, கோரவும் செய்யலாம், அந்தச் சின்னச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உள்நாட்டு விமான டிக்கெட்டில் 15 சதவீதம் உண்டு. வெளிநாட்டு டிக்கெட்டுக்கு பூஜ்யம், அதே டிக்கெட்டில் சேர்ந்துவரும் உள்நாட்டுப் பகுதிக்கும் (டர்பன் கிங் ஷாகா முதல் ஜோஹன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ வரை) பூஜ்யம்.

சாப்பாடு தனிக் கதை. பொதுவாக அது கேளிக்கைச் செலவு என்ற பெயரில் வாட் கோர முடியாதது. தொழிலுக்காக ஊரைவிட்டு வெளியே ஓர் இரவாவது தங்கும்போது உங்கள் சொந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. சாண்டனில் தங்கிச் சாப்பிட்ட இட்லிக்கு வாட் திரும்பும். டர்பன்காரர் டர்பன் ஐ.சி.சி. மாநாட்டின் மதிய இடைவேளையில் வெளியே போய்ச் சாப்பிட்டால் திரும்பாது. அது சொந்தச் செலவு என்பதால் வருமான வரியிலும் கழியாது. சாண்டன் ஹோட்டலில் வாடிக்கையாளரை அழைத்து விருந்து வைத்தால், தொழில் நோக்கம் இருக்கும்வரை வருமான வரியில் கழிக்கலாம், ஆனால் அவர் சாப்பிட்ட பங்குக்கு வாட் இல்லை. பில்லிலேயே இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். (மாநாடு புரட்டாசியில் வந்தால் பதிவுப் படிவத்திலேயே சைவம் என்று குறித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சாலட்தான்.)

மாநாட்டோடு சொந்த வேலையையும் சேர்த்துக்கொள்வது சகஜம். ஜோஹன்னஸ்பர்க்கில் மூன்று நாள் மாநாடு, பிறகு லெனேசியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் இரண்டு நாள். சட்டம் இதைத் தடுக்கவில்லை, பிரித்துக் காட்டச் சொல்கிறது. மாநாட்டு நாட்களின் தங்கலும் சாப்பாடும் கழியும், கல்யாண நாட்களுடையவை கழியாது. விமானக் கட்டணத்துக்கு இந்த நாட்டில் எழுதிவைத்த சூத்திரம் கிடையாது. நாட்கணக்கில் பிரித்து, ஐந்தில் மூன்று பங்கு என்று காட்டிவிட்டால் எதிர்த்துக் கேட்க இடம் குறைவு என்பது என் கருத்து. மனைவியோ கணவரோ கூட வந்தால், அவர் உங்கள் தொழிலில் உண்மையாகவே வேலை செய்து, மாநாட்டில் அவருக்கும் வேலை இருந்தால் ஒழிய, அவருடைய டிக்கெட், இரவு விருந்துச் சீட்டு எதுவும் கழியாது. கம்பெனி கட்டிவிட்டால் அது உங்களுக்குக் கிடைத்த சலுகையாகி, சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். இணையத்தில் இதுபற்றித் தேடினால் வந்து குவிவது அமெரிக்கக் குறிப்புகள். சாப்பாட்டில் 50 சதவீதம், கப்பலில் நடக்கும் மாநாட்டுக்கு வருடத்துக்கு 2,000 டாலர் என்பதெல்லாம் அவர்கள் சட்டம். அதை இங்கே ரிட்டர்னில் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தேதியும் முக்கியம். தனிநபரின் வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. மே மாத மாநாட்டுக்கு முன்பதிவுத் தள்ளுபடிக்காக ஜனவரியில் கட்டினால் எந்த ஆண்டில் கழிப்பது? முன்கூட்டிக் கட்டிய செலவை 23எச் பிரிவு ஆண்டுகளுக்குள் பிரிக்கச் சொல்லும். ஆனால் ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் சேவை முழுவதும் கிடைத்துவிட்டாலோ, அப்படிப்பட்ட முன்பணங்கள் எல்லாம் சேர்ந்து 1,00,000 ராண்டைத் தாண்டாவிட்டாலோ பிரிக்க வேண்டாம். சிறு தொழிலில் இருக்கும் பெரும்பாலோருக்குக் கட்டிய ஆண்டிலேயே கழிந்துவிடும்.

சார்ஸ் சரிபார்ப்புக் கடிதம் அனுப்பினால் பதில் தர 21 வேலை நாள். செலவு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, அவர்களுடையது அல்ல. ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் காகிதங்களை வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸும் வங்கி ஸ்டேட்மென்டும் பணம் போனதைத்தான் காட்டும், ஏன் போனது என்பதைக் காட்டாது. அதற்கு மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் நீங்கள் உட்கார்ந்த அமர்வுகளைக் குறித்து வையுங்கள். வருகைச் சான்றிதழ், யாரைச் சந்தித்தீர்கள், எந்த வேலைக்காக என்று ஒரு பக்கக் குறிப்பு, இவை போதும். அந்தக் குறிப்பைத் திரும்பி வந்த வாரத்திலேயே எழுத வேண்டும். கடிதம் வந்தபின் உட்கார்ந்து எழுதிய குறிப்பை ஆடிட்டர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஹோட்டல் பில்லில் மினிபார், லாண்டரி, ஸ்பா பதிவுகளைப் படித்துச் சொந்தச் செலவை அடித்துவிடுங்கள். போதிய கவனம் எடுக்காமல் தவறாகக் கழித்ததாக முடிவானால், முதல் தடவையே, குறைத்துக் கட்டிய வரியில் 25 சதவீதம் அபராதமாக வரக்கூடும்.

இனி அந்த 13,213. தொழில்முறைத் தொடர்கல்விப் புள்ளிகள் கட்டாயமானவர்களுக்கு அதில் ஒரு பங்கு அங்கேயே வசூலாகிவிடும். சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யில் பதிவான டாக்டருக்கு ஆண்டுக்கு 30 புள்ளி வேண்டும், அதில் 5 நெறிமுறை, மனித உரிமை, சட்டம் சார்ந்தவை. மாநாட்டில் மணிக்கு ஒரு புள்ளி, ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கிடையாது. ஆக மூன்று நாள் மாநாடு அதிகபட்சம் 24 புள்ளி தரும். நெறிமுறை அமர்வு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்தால் தனியாக இன்னொரு கட்டணம் மிச்சம்.

ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டிய நிறுவனங்கள் ஒரு சதவீதத் திறன் மேம்பாட்டு வரி கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தையும் அறிக்கையையும் ஏப்ரல் 30-க்குள் உங்கள் செட்டாவிடம் (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) கொடுத்தால் கட்டியதில் 20 சதவீதம் திரும்பும். 20 லட்சம் ராண்ட் சம்பளப் பட்டியலுக்கு அது 4,000 ராண்ட். ஊழியர்களை அனுப்பிய மாநாடுகளை அந்த அறிக்கையில் சேருங்கள். பெரிய தொகை இல்லைதான், ஆனால் படிவம் நிரப்பாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விற்றுமுதல் ஒரு கோடி ராண்டைத் தாண்டி பி-பிபிஇஇ (கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு) மதிப்பெண் தேவைப்படும் நிறுவனங்கள் கருத்தரங்குச் செலவைத் திறன் மேம்பாட்டில் காட்டலாம். பொது விதிகளின்படி இத்தகைய முறைசாராப் பயிற்சி மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மீதியை ஆட்கள்தான் ஈடுகட்ட வேண்டும். பேச்சுகளைப் பிறகு வீடியோவில்கூடப் பார்த்துக்கொள்ளலாம், காபி இடைவேளையை அப்படிப் பார்க்க முடியாது. மூன்று வாரம் முன்பே பேச்சாளர், கண்காட்சியாளர் பட்டியலை எடுத்து, பத்துப் பேரைத் தேர்ந்து, பதினைந்து நிமிடம் கேட்டு எழுதிவிடுங்கள். ஸ்டால் போடுவதானால், மூன்றுக்கு மூன்று மீட்டர் இடத்தின் வாடகையோடு செலவு முடியாது. மின் இணைப்பு, மேசை, விளக்கு எல்லாவற்றுக்கும் தனி விலை, கடைசி வாரத்தில் கேட்டால் கூடுதல் விலை. மறுபடி பயன்படுத்தும் பேனர் ஸ்டாண்ட், திரை போன்ற பொருள் ஒவ்வொன்றும் 7,000 ராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டிலேயே முழுதாகக் கழிக்கலாம். மேலே போனால் தேய்மானமாகப் பல ஆண்டுகளில் கழியும்.

சேகரித்த விசிட்டிங் கார்டுகளை எல்லாம் ஒரே பட்டியலாக்கி விளம்பர மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, உங்கள் வாடிக்கையாளராக இல்லாதவருக்கு மின்னணு விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும், அதையும் ஒரே ஒருமுறைதான் கேட்கலாம். ஸ்டாலிலேயே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது சுலபம்.

சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் மாநாட்டுக்குப் போவதானாலும் விதி இதேதான். சொந்த ஊர் போய்வரும் நாட்களைப் பிரிப்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அங்கே பதிவுக் கட்டணத்தில் சேரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை இங்கே வாட்டாகக் கோர முடியாது, அது செலவின் ஒரு பகுதியாகவே கழியும். ரூபாயைச் செலவு ஏற்பட்ட நாளின் மாற்று விகிதத்தில் ராண்டாக்குங்கள். தனிநபர் விரும்பினால் ஆண்டின் சராசரி விகிதத்தை எடுக்கலாம், கம்பெனிக்கு அந்தத் தேர்வு இல்லை.

ஏற்றுமதி செய்கிறவர் வெளிநாட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போட்டால், வணிக, தொழில் துறையின் ஏற்றுமதிச் சந்தை உதவித் திட்டமான இமியாவில் உதவி கேட்கலாம். வெறும் பார்வையாளராக உட்கார்ந்து வருவதற்கு அது கிடைக்காது. விண்ணப்பத்தை முன்கூட்டியே போட வேண்டும், போய்வந்த பிறகு பில்லைக் கொண்டு கொடுக்க முடியாது. அந்த மானியத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் அது ஈடுகட்டிய செலவை மறுபடி கழிக்கவும் கூடாது. ஒரு லட்சம் ராண்ட் செலவில் 40,000 மானியமாக வந்தால், ரிட்டர்னில் எழுத வேண்டியது 60,000.